தோட்டம் மருந்தாகுமா?



காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறீர்கள். அவர் நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். பிறகு ஒரு சீட்டில் எழுதித் தருகிறார். அந்தச் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும். எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதும் இருக்கும். அதே சீட்டில், “வாரத்திற்கு இரண்டு மணி நேரம் மரஞ்செடிகளின் நடுவே இருக்கவும், ஒரு தடவைக்கு இருபது நிமிடத்திற்குக் குறையக் கூடாது” என்று அவர் எழுதித் தந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

வேடிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். கனடா நாட்டில் 2020ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி டாக்டர்கள் இப்படித்தான் எழுதித் தருகிறார்கள். 2022 முதல், அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களுக்குள் ஓராண்டுக் காலம் கட்டணமின்றிச் சென்றுவர அனுமதிச் சீட்டையும் சிலருக்கு வழங்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்து தீவுகளில் 2018இலேயே ‘இயற்கைச் சீட்டு’ வந்துவிட்டது. இங்கிலாந்தில் மனம் தளர்ந்து வருவோரை டாக்டர்கள் தோட்ட வேலைக் குழுக்களிடம் அனுப்புகிறார்கள்.

இதைக் கேட்டதும் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. “மண்ணைத் தொட்டால் மனநோய் பறந்துவிடும், மாத்திரையே வேண்டாம்” என்பார் ஒரு சாரார். “செடிக்குத் தண்ணீர் விட்டால் நோய் தீருமா? இது என்ன மருத்துவம்?” என்று நகைப்பார் மற்றொரு சாரார். இரண்டு பேச்சுமே அவசரப் பேச்சு என்பது என் கருத்து. தோட்டத்தை மருந்து என்று சொல்வதானால், மருந்துக்கு நாம் விதிக்கும் நிபந்தனைகளை எல்லாம் அதற்கும் விதிக்க வேண்டும். அது குணம் தருகிறதா என்று சோதிக்க வேண்டும். எதனால் தருகிறது என்று கேட்க வேண்டும். சீட்டில் எழுதியது நோயாளியின் கைக்குக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

வருத்தம் வேறு, நோய் வேறு

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருத்தம் வருகிறது. நண்பன் ஊரை விட்டுப் போனால் வருத்தம் வருகிறது. இது நோய் அன்று. நாலு நாளில் ஆறிவிடும். மனச்சோர்வு நோய் அப்படிப்பட்டதன்று. நாள் முழுவதும் மனம் இருண்டு கிடக்கும். முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காது. உறக்கமும் பசியும் மாறிப் போகும். உடம்பில் வலு இராது. படிப்பில் கவனம் நில்லாது. “நான் எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். இத்தகைய நிலை இரண்டு வாரத்திற்கு மேல் விடாமல் நீடித்தால் டாக்டர்கள் அதை நோய் என்று ஐயுறுகிறார்கள். உலகில் 28 கோடிக்கும் அதிகமான மக்கள் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உங்கள் வயதினரும் இதற்கு விலக்கல்லர்.

இதற்கு மாத்திரைகள் உண்டு. பயிற்சி பெற்றவர் நோயாளியுடன் பேசிச் செய்யும் உளவியல் சிகிச்சையும் உண்டு. இரண்டும் பலருக்குப் பயன் தருகின்றன. ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஆகவேதான் வேறு வழிகளையும் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் தோட்டம்.

புதிய எண்ணமன்று

இன்றைக்குத் திடீரென்று தோன்றிய யோசனையன்று இது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் வில்லியம் டூக் என்பவர் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதி திறந்தார். அக்காலத்தில் மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டிவைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. டூக்கின் விடுதியிலோ அவர்களுக்குத் தோட்டமும் வேலையும் அன்பான பேச்சும் கிடைத்தன. வளர்த்து மகிழ முயல்களும் கோழிகளும்கூட இருந்தன!

அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ரஷ் 1812இல் மனநோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விறகு வெட்டுதல், தோட்டத்தில் மண் கொத்துதல் போன்ற வேலைகளைச் செய்த நோயாளிகள் பலர் குணமடைவதையும், உயர்ந்த அந்தஸ்து காரணமாக வேலை செய்யாமல் இருந்தவர்கள் அப்படியே வாடிக் கிடப்பதையும் கவனித்திருக்கிறார்கள் என்று அதில் எழுதினார்.

நல்ல கவனிப்புத்தான். ஆனால் இது நிரூபணம் ஆகுமா? சற்று யோசியுங்கள். வேலை செய்ததனால் குணமடைந்தார்களா, அல்லது குணமடையத் தொடங்கியவர்களால்தான் வேலை செய்ய முடிந்ததா? கவனிப்பு மட்டும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது. அதற்குச் சோதனை வேண்டும்.

சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

1984இல் ராஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஓர் அழகான ஒப்பீட்டை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் குறிப்பேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். சில அறைகளின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற அறைகளின் சன்னல் வழியே செங்கல் சுவர்தான் தெரிந்தது. வயது, பால் முதலியவற்றில் ஒத்த நோயாளிகளை இருவர் இருவராகச் சேர்த்து 23 இணைகளை ஒப்பிட்டார். மரம் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவர் கண்டவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பியிருந்தனர். மரம் கண்டவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது.

2015இல் கிரிகரி பிராட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் 38 பேரை 90 நிமிடம் நடக்கவைத்தனர். ஒரு பகுதியினர் மரங்கள் ஆங்காங்கே நின்ற புல்வெளியில் நடந்தனர். மற்றவர் வண்டிகள் ஓயாது ஓடும் நெடுஞ்சாலையோரம் நடந்தனர். புல்வெளியில் நடந்தவர்களிடம், தம் குறைகளையே எண்ணி எண்ணி மாய்ந்துபோகும் போக்குச் சற்றுக் குறைந்திருந்தது. அப்போக்கோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்திருந்ததை மூளைப் படம் காட்டியது. சாலையோரம் நடந்தவர்களிடம் இந்த மாற்றம் இல்லை.

இரண்டும் அருமையான ஆய்வுகள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? முதல் ஆய்வில் இருந்தவர்கள் பித்தப்பை நோயாளிகள். இரண்டாவதில் இருந்தவர்கள் மனநோய் இல்லாதவர்கள். மனச்சோர்வு நோய்க்கு இயற்கை மருந்தாகும் என்பதற்கு இவை குறிப்புகளே தவிர முடிவுகள் அல்ல.

வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டறிந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. வாரம் 120 நிமிடமாவது வெளியில் இயற்கையோடு கழித்தவர்கள், தாங்கள் நலமாக இருப்பதாக அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் ரஷ்ஷிடம் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம் அல்லவா? வெளியே சென்றதால் நலமா? நலமாக இருந்ததால் வெளியே சென்றார்களா?

எலியும் மண்ணும்

“மண்ணில் மகிழ்ச்சி தரும் கிருமி இருக்கிறது, கையால் மண்ணைக் கிளறினால் போதும்” என்று நீங்கள் எங்கேனும் படித்திருக்கலாம். இதன் மூலம் என்ன? 2007இல் கிறிஸ்டோபர் லௌரி என்பவரின் குழு, மண்ணில் வாழும் மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற நுண்ணுயிரைக் கொன்று எலிகளின் உடலில் செலுத்தியது. எலிகளின் மூளையில் செரோட்டோனின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் சில தூண்டப்பட்டன. ஒரு நீச்சல் சோதனையில் அந்த எலிகள், மனச்சோர்வு மாத்திரை கொடுக்கப்பட்ட எலிகளைப் போல நடந்துகொண்டன.

அருமையான செய்திதான். ஆனால் எலி மனிதன் அன்று. உடலில் செலுத்துவதும் மண்வெட்டி பிடிப்பதும் ஒன்றல்ல. ஆய்வாளர் ஒரு படி ஏறியதை, செய்தி எழுதுவோர் பத்துப் படியாக்கி விடுகிறார்கள். அறிவியல் மாணவர் இந்தப் பத்துப் படிக்கு நடுவில் எத்தனை படிகள் காலியாக உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்த பெரிய முயற்சி

இனி நேராக விஷயத்திற்கு வருவோம். இங்கிலாந்து அரசு 57 இலட்சம் பவுண்டுக்கு மேல் ஒதுக்கி, 2021 முதல் 2023 வரை ஏழு வட்டாரங்களில் ஒரு முன்னோடித் திட்டம் நடத்தியது. மனநலம் குன்றிய 8,000க்கும் மேற்பட்டோர் தோட்ட வேலை, இயற்கை நடை, மரம் பேணுதல் முதலியவற்றில் சேர்க்கப்பட்டனர். மகிழ்ச்சியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடச் சொன்னபோது, சேருமுன் சராசரியாக 5.3 சொன்னவர்கள், முடிவில் 7.5 சொன்னார்கள். மனப்பதற்றமும் குறைந்தது. ஒருவருக்கு ஆன செலவு சராசரியாகச் சுமார் 500 பவுண்டு.

தோட்டம் வென்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வகுப்பில் காலாண்டுத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்துப் பேரைப் பிரித்தெடுங்கள். அவர்களுக்கு எந்தத் தனிப் பாடமும் நடத்த வேண்டாம். அரையாண்டுத் தேர்வில் அந்தப் பத்துப் பேரின் சராசரி பெரும்பாலும் சற்று உயர்ந்திருக்கும். ஏன்? அவர்களில் சிலருக்குக் காலாண்டின்போது காய்ச்சல் இருந்திருக்கும். சிலருக்குத் தெரியாத கேள்விகளாக வந்திருக்கும். மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து அளந்தால், அடுத்த அளவு பெரும்பாலும் மேலேதான் இருக்கும். மனத்தளர்ச்சியிலும் மக்கள் டாக்டரிடம் வருவது மிக மோசமான நேரத்தில்தான். எதுவும் செய்யாவிட்டாலும் சிலருக்குச் சில வாரங்களில் சற்றுத் தெளியும்.

ஆகவே, தோட்டத்திற்குப் போனவர்களோடு, போகாத அதே மாதிரியான ஒரு குழுவையும் அளந்து பார்த்தால்தான் தோட்டத்தின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும். இங்கிலாந்தின் இந்தப் புள்ளிகளில் அந்த ஒப்பீட்டுக் குழு இல்லை. திட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. பாதிச் சான்றுதான் கையில் இருக்கிறது என்கிறேன்.

இன்னும் கறாரான சோதனை டென்மார்க்கில் நடந்தது. கோபன்ஹேகன் பல்கலைக் கழகம் நகாடியா என்ற பெயரில் சிகிச்சைக்கென்றே ஒரு தோட்டம் அமைத்துள்ளது. கடும் மன அழுத்தத்தால் நோயுற்ற 84 பேரை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குப் பத்து வாரம் தோட்டத்தில் சிகிச்சை. மற்றதற்கு ஏற்கெனவே பெயர் பெற்ற பேச்சுவழி உளவியல் சிகிச்சை. 2018இல் முடிவு வெளிவந்தது. இரு குழுவினரும் தேறினர். ஒன்றுக்கொன்று குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இங்கும் சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும், தோட்டத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

எது மருந்து?

நகாடியாவில் நோயாளிகள் தனியே மண் கொத்திக்கொண்டிருக்கவில்லை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் கூடவே இருந்தார்கள். நாளும் நேரமும் வகுக்கப்பட்டிருந்தன. யாருக்கு எவ்வளவு வேலை என்று பார்த்துத் தந்தார்கள். இதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

மனச்சோர்வு நோய் முதலில் எதைப் பறிக்கிறது? ஒரு வேலையைத் தொடங்கும் சக்தியைப் பறிக்கிறது. படுக்கையை விட்டு எழுவதே மலையேறுவது போலிருக்கும். எதுவும் செய்யாமல் கிடப்பதால் மனம் மேலும் தளரும். தளர்ந்ததால் மேலும் கிடக்கத் தோன்றும். இந்தச் சுழலை அறுப்பதற்கென்றே ஒரு சிகிச்சை உண்டு. சிறு சிறு வேலைகளை நாள் குறித்துச் செய்யவைத்து, நோயாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாழ்க்கைக்குள் இழுத்துவரும் முறை அது. 440 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2016இல் வெளியான சோதனை ஒன்றில், இந்த எளிய முறை நீண்ட பயிற்சி தேவைப்படும் உளவியல் சிகிச்சைக்குச் சளைத்ததன்று என்று தெரிந்தது.

தோட்ட வேலை இந்த முறைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வேலை சிறியது, விதை ஊன்றலாம், களை பிடுங்கலாம். பலன் கண்ணுக்குத் தெரியும். நாலைந்து நாளில் முளை எட்டிப் பார்க்கும். செடி காத்திருக்கும்; ஆகையால் நாளையும் வர வேண்டும். உடம்பு அசைகிறது. பகல் வெளிச்சம் கண்ணில் படுகிறது. உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் உடற்கடிகாரத்தைச் சீராக்க அது உதவும். பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார்; ஆனால் கட்டாயம் பேச வேண்டும் என்பதில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் மருந்து. செடி அதில் ஒரு பகுதி. நோயாளியைச் செடியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் மனிதரும், “அடுத்த செவ்வாய்க்கிழமையும் வாருங்கள்” என்று சொல்லும் குரலும், வராவிட்டால் விசாரிக்கும் ஏற்பாடும் மற்றொரு பகுதி. இங்கிலாந்தில் இதற்கென்றே இணைப்புப் பணியாளர் என்ற ஊழியர்களை மருத்துவ நிலையங்களில் அமர்த்தியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். அதை விட்டுவிட்டு, “போய்த் தோட்ட வேலை செய்யுங்கள்” என்று மட்டும் நோயாளியிடம் சொல்வது, கால் முறிந்தவரிடம் “நடந்து பாருங்கள், சரியாகிவிடும்” என்று சொல்வதற்கு ஒப்பாகும். அவரால் முடியாமல் போகும்போது, “இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே” என்ற குற்ற உணர்ச்சி வேறு சேரும்.

இன்னொன்றும் உண்டு. சீட்டு எழுதினால் போதுமா? மருந்துக் கடையில் மருந்து இருக்க வேண்டாமா? இங்கிலாந்து நகரசபைகள் மக்களுக்குக் காய்கறி பயிரிடச் சிறு நிலங்களைக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பிரிட்டனில் ஒரு இலட்சத்திற்கும் அதிகம் என்று 2023இல் தெரியவந்தது. தோட்டம் இல்லாத ஊரில் தோட்டத்தை மருந்தாக எழுதுவது வெறுந்தாளில் எழுதுவதுதான். ஆகையால் தோட்டத்தை மருந்தென்று சொல்லும் அரசு, பூங்காக்களையும் பொது நிலங்களையும் மருத்துவமனையைக் காப்பது போலக் காக்கக் கடமைப்பட்டது.

அஞ்ச வேண்டியது எதற்கு?

எந்த மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. வெயில், முள், மகரந்த ஒவ்வாமை ஆகியவை தோட்டத்தின் சிறு பக்க விளைவுகள். பெரிய பக்க விளைவு ஒன்று உண்டு. அது தாமதம். கடும் நோயில் இருப்பவரை, “முதலில் தோட்டத்தைப் பார்க்கலாம்” என்று மாதக் கணக்கில் நிறுத்திவைத்தால் விபரீதம் நேரலாம். சாவைப் பற்றி எண்ணுகிறவருக்கு அன்றைக்கே டாக்டர் வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர், செடி நட்டுவிட்டோம் என்று டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டர்களும் படுக்கைகளும் போதவில்லை என்ற குறையை மறைக்க, தோட்டத்தை மலிவான திரையாகத் தொங்கவிடவும் கூடாது. தோட்டம் சிகிச்சையோடு சேர வேண்டும். சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே “தோட்டம் மருந்தாகுமா?” என்ற கேள்விக்கு என் விடை இது: ஆகும், ஆனால் தனியே அன்று. ஆளும் இடமும் நேரமும் தொடர்ந்த கவனிப்பும் சேர்ந்தால் ஆகும். யாருக்கு ஆகும், எவ்வளவு ஆகும் என்பதை நல்ல சோதனைகள்தான் இனிச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளை நடத்தப் போகிறவர்களில் உங்களில் சிலரும் இருக்கலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வகுப்பில் ஒருவர் வாரக் கணக்கில் ஒதுங்கி, உண்ணாமல் உறங்காமல், எதிலும் பிடிப்பின்றி இருந்தால் அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். “பள்ளித் தோட்டத்திற்குத் தண்ணீர் விடப் போகிறேன், நீயும் வருகிறாயா?” என்று கூப்பிடுங்கள். கூடவே நடங்கள். பிறகு, நீங்கள் நம்பும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தாலும் சொல்லத் தயங்காதீர்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

தண்ணீர் இல்லாமல் வாடிய செடியைப் பார்த்து, “நிமிர்ந்து நில்” என்று யாரும் அதட்டுவதில்லை. வேரில் தண்ணீர் விடுகிறோம். மறுநாளும் வந்து பார்க்கிறோம். மனம் வாடியவருக்கும் அதையே செய்வோமே!